தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆகாது

நர்சரிக்காரர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். தங்கை படித்துக்கொண்டே போனாள். இப்போது பெரிய ஆய்வுக்கூடத்தில், மனிதக் கருவின் செல்லை வளர்த்து நோய்க்கு வழி தேடும் வேலை. செடி வாங்க வருகிறவர் உரத்தைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு தங்கையில்தான் போய் முடியும்.

"படுத்த படுக்கையா கிடக்கறவங்களை என் தங்கச்சி எழுப்பி நடக்க வைக்கப்போறா, பாருங்க."

"முதல்ல இந்த ரோஜாவைப் பூக்க வைங்க" என்று கிண்டலடிப்பார்கள்.

வேலையில் அவர் கறார். பதியனுக்கான கிளையைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுவார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பார். தாய்ச்செடியின் காயத்துக்கு மருந்து பூசாமல் அடுத்த செடியைத் தொடமாட்டார்.

பக்கத்துக் கடைத் தையல்காரிக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்துப் பிறந்த பெண் குழந்தை ஒன்று. அப்போது உருவாக்கிய கருக்களில் மூன்று இன்னும் மருத்துவமனையின் குளிர்பெட்டியில் இருந்தன. வைத்திருப்பதா, அழித்துவிடுவதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்று கேட்டிருந்தார்கள்.

"உங்க தங்கச்சி மாதிரி ஆளுங்ககிட்டதானே போகும்? அதை வெச்சு என்ன பண்ணுவாங்கண்ணே?"

அந்தக் கேள்வியே அவருக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. "பதியன் மாதிரிம்மா. ஓரத்துல கொஞ்சம் கிள்ளி எடுத்து வளர்ப்பாங்க. மிச்சம் பத்திரமா இருக்கும். தாய்ச்செடிக்கு ஒண்ணும் ஆகாது."

தங்கை எப்போதோ சொன்னது பாதி, தன் கத்தி கற்றுக்கொடுத்தது பாதி. தையல்காரி அந்த வாரமே கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கை, தொட்டிகளுக்கு மண் நிரப்ப உட்கார்ந்தாள். அண்ணன் பெருமையோடு நடந்ததைச் சொன்னார். அவள் கை மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணா, அப்படி இல்ல. உள்ள இருக்கற செல்லை எடுத்தா அந்தக் கரு அதோட முடிஞ்சுது. மிச்சம்னு எதுவும் இருக்காது."

"செத்துடுமா?"

"செத்துடும்னு சொல்றதா, கலைஞ்சுடும்னு சொல்றதா? அதுக்குத்தான் ஊரெல்லாம் சண்டை. எப்படியும் கொட்டப்போறதுதானேன்னு நான் சொல்லிக்கறேன். ஆனா கை கூசாம ஒருநாளும் எடுத்ததில்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுல்ல இருந்தீங்க."

சுருக்கென்றது. செல்லை எடுப்பதற்கு முன்னால் தையல்காரி வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றும் அவள் சொன்னாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம். தங்கையின் வேலைக்கு அந்தக் கருக்கள் வேண்டுமே என்று இன்னொரு மனம். அப்படி நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவர் போனபோது, தையல்காரியின் மகள் துண்டுத் துணிகளுக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. மிச்சம் எதுவும் இருக்காதாம். இப்பவும் வேண்டாம்னு சொல்லலாமாம்."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "தெரியும்ணே. கையெழுத்து வாங்கறப்பவே டாக்டர் படம் போட்டு விளக்கினாரு."

"அப்புறம் ஏம்மா...?"

"நீங்க அவ்வளவு அழகா சொன்னீங்க. தெரிஞ்சுகிட்டே நம்பிக்கிட்டேன். கண்ணை மூடினா மூணு தொட்டி வரிசையா நிக்கும். அதுல தூக்கம் வந்துச்சு."

"இப்ப நிறுத்திடலாமே?"

"நிறுத்தி? மறுபடி குளிர்ல வைக்கணும், இல்ல கொட்டணும். கொடுத்தது கொடுத்ததுதான். யாராவது ஒருத்தர் எழுந்து நடக்கட்டும்." ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், இரண்டு முறை தவறியது. "நீங்க மட்டும் இன்னிக்கு வராம இருந்திருக்கலாம்ணே."

தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. பொய்க்கு மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு, உண்மைக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. உட்காரவும் தோன்றாமல், போகவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றார்.