சம்மந்தி காரின் பகல் விளக்கு

சோலைச்சாமிக்கு வண்டிகளைப் பார்த்தால்தான் வயிறு எரியும். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினாலும் சரி, பங்காளி மகனுக்குப் போலீஸ் வேலை கிடைத்தாலும் சரி, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆனால் எவனாவது தன் வண்டியில் புதுசாக ஒரு ஹாரன் மாட்டினால், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மகாராஜபுரத்தில் அடுத்தவர் டிராக்டரை ஓட்டிய காலத்தில், எதிர்வயல் டிராக்டருக்கு நிழலுக்குக் கூரை இருந்ததைப் பார்த்து, தானும் தென்னங்கிடுகை வளைத்து ஒன்று கட்டினார். ஒரு சால் உழுவதற்குள் அது பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது. முதலாளி திட்டியதைவிட, எதிர்வயல்காரன் சிரித்ததுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்து, ஒரு பழைய வேன் வாங்கினார். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் வத்திராயிருப்புத் தேங்காய். அந்த வேன்தான் மகள் பாண்டிசெல்வியைப் படிக்க வைத்தது, ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தது. தினமும் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பார். "கட்டுன நாளுல இருந்து என்னைய ஒரு நாளு இப்பிடிப் பாத்திருப்பாரா இந்த மனுசன்?" என்பாள் மனைவி மாரீஸ்வரி.

போன தையில் பாண்டிசெல்விக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சோலைச்சாமி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். கொடுத்த வீட்டுக்கே மறுபடியும் கொடுத்தார். பேரன் தும்மினால் அதிசயம், கொட்டாவி விட்டால் அதைவிட அதிசயம். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் தாய்வீட்டார்தான் தங்கள் வண்டியில் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தன் வேனில், தான் ஓட்ட, பேரன் போக வேண்டும். பிள்ளை பிறந்த அன்றைக்கே அவர் முடிவு செய்தது அது. சீட்டுக்குப் புது உறை தைத்தார். கண்ணாடிக்குத் திரை போட்டார்.

கிளம்பும் நாளன்று மாலை நாலரை மணிக்கு நல்ல நேரம். தொட்டிலை வேனில் ஏற்றிவிட்டுத் தெருமுனையில் நின்றவர் கண்ணில் ஒரு கார் பட்டது. கன்னங்கரேலென்ற பெரிய கார். முன்னால் இரண்டு பக்கமும் புருவம் வரைந்ததுபோல் வெள்ளை வெளேரென்று விளக்கு எரிந்தது. அடிக்கிற வெயிலில் எவன் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறான் என்று, கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினார். ரோட்டில் போகிற எல்லாரும் எல்லாருக்கும் காட்டுகிற சைகைதான்.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. வழித்துணைக்குக் கூடப் போக வந்திருந்தார்கள்; உள்ளே மருமகன் முத்துக்குமரன் ஓட்ட, பக்கத்தில் அவன் அப்பா ஐயாதுரை. ராஜபாளையத்தில் தறி போட்டு, காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறவர்.

"என்ன சம்மந்தி, கையக் கையக் காட்டுதிய?"

"லைட்டு எரியுது. அமத்துங்க. பேட்டரி போயிரும்."

"அமத்த முடியாது சம்மந்தி! வண்டி ஓடுத வரைக்கும் அது எரியும். பகல்லயும் எதுக்க வாரவனுக்கு நாம வாரது தெரியணும்லா?"

"ஒங்க வண்டி யானத் தண்டிக்கு இருக்கு. அது தெரியாதவனுக்கு லைட்டு மட்டும் தெரிஞ்சிருமாக்கும்?"

ஐயாதுரை விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் மாரீஸ்வரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிள்ளை அந்த விளக்கைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. காலையிலிருந்து குரங்கு மாதிரியும் கோழி மாதிரியும் கத்திக் காட்டிய சோலைச்சாமிக்கு, அது ஒரு தடவைகூடச் சிரித்திருக்கவில்லை.

"பாத்தியளா, பேரனுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் ஐயாதுரை. "இதுலயே வரட்டும். ஸ்டீரிங்கத் திருப்புனா லைட்டும் கூடத் திரும்பும். எதுக்க வண்டி வந்தா, அவன் கண்ணு கூசாம அந்த எடத்த மட்டும் அதுவா மறைச்சுக்கிடும்."

"தாய்வீட்டு வண்டியிலதான் பிள்ள போகணும்."

"எதுல போனா என்ன சம்மந்தி? நம்ம பிள்ளதான?"

அந்த 'நம்ம' சோலைச்சாமிக்குப் பிடிக்கவில்லை. காரின் விளக்கைப் பார்த்தார். அப்புறம் மனைவியைக் கூப்பிட்டார்.

"மாரி, வீட்டுல வெளக்கு வைக்கிற நேரத்துல பச்சப்பிள்ளைய வாசல் தாண்ட விடலாமா?"

"கூடவே கூடாது."

"அந்தா, அவிய வண்டியில வெளக்கு வச்சாச்சு. இப்ப என்ன செய்ய?"

மருமகன் சிரித்தான். ஐயாதுரை சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அதே வழக்கம். "ஏலே, அத அமத்துற வழியப் பாரு," என்றார். முத்துக்குமரன் ஸ்கிரீனைத் தடவித் தடவிப் பார்த்தான். கார் வாங்கிய இடத்துக்குப் போன் போட்டான். முடியாது என்றார்கள். ஐயாதுரை டிக்கியைத் திறந்து, தன் தறியில் நெய்த கட்டுத்துணிச் சுருள் இரண்டை எடுத்து, விளக்குகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்.

சோலைச்சாமி தள்ளி நின்று பார்த்தார். "ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்த வண்டி மாதிரில்லா இருக்கு. இதுலயா பிள்ளைய ஏத்த?"

"ரெண்டு பேருக்கும் வேற வேலயில்ல," என்று பாண்டிசெல்வி உள்ளே போனாள். விளக்கா இல்லையா, சகுனமா இல்லையா என்று வாசலில் பேச்சு வளர்ந்தது. பேசி முடிப்பதற்குள் வெயில் இறங்கி, மாரீஸ்வரி நிசமாகவே சாமி விளக்கை ஏற்றிவிட்டாள். இனி நன்றாக இருட்டின பொறவுதான் யாரும் கிளம்ப முடியும். எல்லாரும் காப்பி குடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இருட்டியது. சோலைச்சாமி வேனைக் கிளப்பி விளக்கைப் போட்டார். ஒன்று மஞ்சளாக, டயருக்கு முன்னால் நாலடி தூரத்துக்கு விழுந்தது. இன்னொன்று ஓரத்து வேப்பமரத்தைக் காட்டியது. பள்ளிக்கூட நேரமும் தேங்காய் நேரமும் பகல்தான், அதனால் அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை. ராஜபாளையம் ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் போகும் கரும்பு டிராக்டர்கள் நினைவுக்கு வந்தன. ரோட்டில் கிடக்கிற சின்னக் குழிகூட நினைவுக்கு வந்தது.

பாண்டிசெல்வி பிள்ளையோடு வந்து வேன் படியில் கால் வைத்தாள்.

"செல்வி, அதுல ஏறு தாயி."

"யப்பா? முறைன்னு சொன்னிய?"

"தொட்டிலு என் வண்டியில வருதுல்லா, அது போதும். ஏறுன்னு சொல்லுதேன்."

ஐயாதுரை ஒன்றும் பேசாமல் காரின் கட்டை அவிழ்த்தார். அவர் பேசாதது சோலைச்சாமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஆனா நாந்தான் முன்னால போவேன்," என்றார்.

போனார். பின்னால் வருகிற வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கும், அதைச் சொல்லியாவது சம்மந்தியை நாலு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தார். அடிக்கவில்லை. அந்தக் காரின் வெளிச்சம் அவர் வேனை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் புளியமரங்களின் உச்சிவரை பகலாக்கியது. வளைவு வந்தால், வளைவின் உள்பக்கம் முந்திக்கொண்டு தெரிந்தது. ரோட்டோரம் போன ஆடுகூட அடையாளம் தெரிந்தது. எதிரே லாரி வந்தபோது, அந்த லாரி இருந்த இடம் மட்டும் மங்கி, போனதும் மறுபடி விரிந்தது.

சம்மந்தி வெளிச்சத்தில் தான் வண்டி ஓட்டுவதா? ஆக்சிலேட்டரை மிதித்தார். வேன் கத்திக்கொண்டு முன்னேறியது. வெளிச்சம் பின்தங்கியது. முன்னால் நாலடி மஞ்சளும் ஓரத்து மரங்களும்தான் மிச்சம். கொஞ்ச தூரம் வீம்பாகப் போனார். எதிலோ இடித்துவிடுவோம் என்று தோன்றியதும் மெதுவாகி, பின்னால் வந்த வெளிச்சத்துக்குள் மறுபடியும் நுழைந்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் முகம் சுட்டது.

ராஜபாளையத்தில் ஆரத்தி எடுத்து, பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். தொட்டிலை இறக்கியபடியே சோலைச்சாமி மகளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ள வழியில அழுதானா?"

"இல்லப்பா. நல்லாத் தூங்கிட்டு வந்தான்."

"அழவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு சிணுங்கலுகூட இல்லையா தாயி? நல்லா யோசிச்சுச் சொல்லு."