மேளம் இல்லாத குழுவில் என் வலது கை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இசைக்குறிப்பு எழுதிய தாளைக் காட்டினால் இன்றைக்கும் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். ஆனாலும் புளூகிராஸ் என்கிற அமெரிக்க மலைநாட்டுப் பாட்டை இந்த சுவிஸ் நாட்டில் மாண்டலினில் வாசிக்கிற தமிழன் யாரென்று விசாரித்துப் பாருங்கள். என்னைத் தவிர ஆள் அகப்படாது.

எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கே சமைத்த சுவிஸ்காரன் ஓய்வு நேரத்தில் பான்ஜோ வாசிப்பான். காதால் கேட்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன். வயலினுக்கும், பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்துக்கும் இரண்டு பெண்கள் சேர, குழு ஆகிவிட்டது. கிராம மண்டபம், மாட்டுச் சந்தை, கோடை விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். வாசித்துவிட்டு ரயிலேறி நேரே குசினிக்கு வந்து நிற்பேன். பிறகு ஷாஃப்ஹவுசன் நகரத்துக்குக் குடிவந்தும் வாசிப்பை விடவில்லை. "என்ன கவ்போய் அண்ணை, குதிரையை எங்கை கட்டினனீங்கள்?" என்று எங்கள் சனம் நக்கலடிக்கும். அடிக்கட்டும் என்று விட்டேன்.

புளூகிராஸில் மேளம் கிடையாது. பேஸ் ஒரு தட்டுக் கொடுத்தால், மறு தட்டை மாண்டலின்காரன் 'சக்' என்று வெட்ட வேண்டும். பாட்டு முடியும்வரை அந்த வெட்டு ஓயக்கூடாது. என் கை ஓய்ந்தால் குழு விழும் என்று எல்லோருக்கும் சொல்லி வந்தேன். உண்மையும் அதுதான்.

இந்த வருடம் அந்தக் கை களைத்துவிட்டது. கடைசிப் பாட்டு வருவதற்குள் தோளிலிருந்து விரல் வரை ஈரச் சாக்காகக் கனக்கும். பாட்டு இழுபடுவதைப் பான்ஜோக்காரன் கவனித்தான். ஷாஃப்ஹவுசன் கச்சேரியிலும் இப்படியானால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். என் இடத்துக்கு வேறு ஆளா? எனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று அவன் பார்க்கட்டும் என்று, வெள்ளிக்கிழமை கோயில் பஜனைக்குக் கூடுகிற சனம் அத்தனை பேரையும் கச்சேரிக்கு அழைத்தேன்.

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கடைசிப் பாட்டுக்கு முன்வரிசையிலிருந்து பஜனைக் கைதட்டுத் தொடங்கியது. அதன் வேகம் போகப்போக ஏறுமே தவிர இறங்காது. பக்கத்திலிருந்த சுவிஸ்காரரும் சேர்ந்துகொண்டார்கள். பான்ஜோ அதன் பின்னால் ஓடியது, வயலினும் ஓடியது. என் கை இரண்டு சுற்று ஓடிப்பார்த்துவிட்டுக் கம்பிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

குழு விழவில்லை. பாட்டு முடிய மண்டபமே எழுந்து நின்றது. பான்ஜோக்காரன் என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த கோடைக்கும் நீதான் என்றான். அந்தக் கைதட்டலில் என் வெட்டு நின்றுபோனது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெளியே மனைவி என் ஜாக்கெட்டோடு நின்றாள்.

"முடிவிலை நீங்கள் வாசிக்கேல்லை, என்ன?"

"ஆர் சொன்னது?"

"கை நிண்டதைக் கண்டனான். இண்டைக்கு உங்களுக்கு ஏலாதெண்டு முதலே தெரியும். அதுதான் தட்டத் தொடங்கினனான்."

ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகு உள்ளே போய், வேறு ஆளைப் பார் என்று பான்ஜோக்காரனிடம் சொன்னேன். ஒருத்தன் போதாது, என் ஒரு கையின் இடத்தை நிரப்ப இன்றைக்கு ஒரு மண்டபமே தேவைப்பட்டது என்றும் சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். கூடச் சிரிக்க எனக்குத்தான் களைப்பாக இருந்தது.