வள்ளத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர்

எங்கள் கோயில் பங்கில் இப்போது இரண்டு இமிழ் இருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளையின் தாய் என்னைக் கண்டால், "பேருக்குக் காசு கேக்கமாட்டீர்தானே?" என்று பகிடி விடுவாள். முதலாவது இமிழ் என் அக்காவின் மகள். அந்தப் பெயரை வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் சொந்தத்துக்குள் தலைப்பிள்ளையின் பெயர்தான் வள்ளத்துக்கும் வரும். அக்காவுக்குப் பிள்ளை பிறந்த மாதமே அத்தானின் புது வள்ளமும் கரைக்கு வந்தது. பெயிண்ட் காய்ந்து, பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. வீட்டில் கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். "நீ படிச்சனி, நல்ல பேரொண்டு சொல்லு" என்று அக்கா என்னிடம் விட்டாள்.

"இமிழ்" என்றேன். அலை ஒலிப்பதைச் சொல்லும் பழைய சொல். பக்கத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் கேட்ட நாளிலிருந்து மனதுக்குள் கிடந்தது.

அக்கா வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். "தமிழ் எண்டு சொல்ல வராத பிள்ளை சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு." அவளுக்கு 'ஷா' என்று முடிகிற ஒரு பெயரில் ஆசை.

"அந்தப் பேரைச் சொல்லி ஒழுங்கையிலை கூப்பிட்டா நாலு பிள்ளையள் ஓடி வரும்" என்றேன்.

"வரட்டுமன். ஒருத்தருக்கும் வாய் சுளுக்காது."

அத்தானின் மறுப்பு பகிடியல்ல. "கடலிலை ஒண்டெண்டா வள்ளத்தின்ரை பேரைச் சொல்லித்தான் கத்துறது. போன் பொலித்தீனுக்குள்ளை சுத்திக் கிடக்கும். எஞ்சின் சத்தத்துக்குள்ளை உந்தப் பேர் கேக்குமோ? சொல்லேக்கையே வாய் மூடுதடா தம்பி."

"கேட்டா வைப்பியளோ?"

"ஞானஸ்நானத்துக்கு முன்னம் ஒருக்காலெண்டாலும் எனக்குக் கேக்கட்டும், வைக்கிறன்."

அன்று முதல், அத்தானின் வள்ளம் கரை திரும்பும் நேரம் பார்த்து இறங்குதுறையில் நின்றேன். வள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததும், ழகரம் பிசகாமல், நெஞ்சு நோகக் கத்தினேன். அத்தான் திரும்பவேயில்லை.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆரடா தம்பி இமிழ்? உன்ரை பெட்டையோ?"

"மருமகள், அண்ணை."

"அவள் பிறந்த கையோடை கடல் தொழிலுக்குப் போட்டாளோ?"

கரை முழுக்கச் சிரித்தது. மறுநாள் நான் சைக்கிளை நிறுத்த முன்னமே, "இமிழோய்! வாத்தியார் வாறார்" என்று குரல் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் மீன் வாங்க வந்த பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். எனக்கு வெட்கம் இல்லாமலில்லை. ஆனால் வீட்டில் என் படிப்பை நம்பி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவதாயில்லை. காற்று முகத்தில் அடித்த நாளிலும் போய் நின்று கத்தினேன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சும்மா நின்றேன். அத்தானுக்குப் பின்னால் இன்னொரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்தவன் என்னைக் கண்டுவிட்டு, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று வாயருகே கையைக் குவித்தான்.

"இமிழோ...ய்! கரையிலை உன்ரை மச்சான் நிக்கிறான்ரா!"

அத்தான் திரும்பினார். கரையில் நின்ற என் கண்ணுக்கே அது தெரிந்தது.

வள்ளத்தை இழுக்கக் கைகொடுத்தபடி, "கேட்டதோ அத்தான்?" என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கேட்டது. ஆனா நீ கூப்பிடேல்லையே."

"நான்தான் கூப்பிடோணும் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

அவர் மீனைக் கூடைக்குள் அள்ளத் தொடங்கினார். அக்கா இரவுச் சாப்பாட்டின்போதும் அந்த 'ஷா'வைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பிள்ளைக்கு என்ன பெயர் என்று பங்குப் பாதிரியாரான சுவாமி கேட்டார். முதலில் ஒரு புனிதையின் பெயரைச் சொன்னார்கள். அதில் யாருக்கும் சண்டையில்லை. பிறகு அக்கா அத்தானைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இமிழ்" என்றார் அத்தான். கடலில் கத்திப் பழகின குரல். சுவாமியே அரை அடி பின்னால் போனார். பிள்ளை வீரிட்டு அழுதது.

பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ அடக்கமுடியாமல், "ஓய்!" என்றார்கள்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.