இரண்டு ஊரின் பத்து மணி

ஜிபாருக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பது கர்த்தர் என்றுகூடப் பார்க்க மாட்டாள். அன்று அவரிடமே சொல்லிவிட்டாள். "பத்து மாசமா வாய்க்கா கரையில நின்னு கேக்குறேன். நீரும் காது குடுக்கல, அவளும் வரல. இனிமே நான் வரமாட்டேன்."

அவள் என்றது மவ்ஜூதாவை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கிர்கிஸ் ஊர், அந்தப் பக்கம் தாஜிக் ஊர். ஆப்ரிகாட் பழம் காயவைக்கும் களத்தில் இருவரும் பதினெட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தவர்கள். ஜிபாரின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது மவ்ஜூதா மூன்று நாள் முழங்காலிலேயே நின்று கர்த்தரிடம் ஜெபித்தாள். அப்படித்தான் ஜிபாரும் கர்த்தரிடம் வந்தாள். அதற்காக ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. கணவன் தாலாய் மட்டும் நிறுத்தவில்லை, அதுதான் பெரிய தொல்லை.

பிறகு மதகு யாருக்கு என்று சண்டை வந்தது. கம்பில் தொடங்கி துப்பாக்கியில் முடிந்தது. ஜிபாரின் மாட்டுக் கொட்டகை எரிந்தது. அந்தப் பக்கம் மவ்ஜூதாவின் தம்பி செத்துப்போனான். பாலத்தை அடைத்த அன்று கூட்டத்துக்கு நடுவே மவ்ஜூதா கத்திச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம பத்து மணிக்குக் கரைக்கு வா. சமாதானத்துக்கு ஜெபிப்போம்." அதோடு சரி. அக்கரைக்குப் போனும் போகாது.

அந்த ஊர்க் கடிகாரம் இந்த ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். தம்பியைப் பறிகொடுத்தவளுக்குச் சிரமம் வேண்டாமென்று, தன் கடிகாரத்தில் பதினொன்று ஆகும்போதுதான் ஜிபார் கரையில் நிற்பாள். எதிர்க்கரையில் பாப்ளார் மரம் மட்டும் நிற்கும்.

"உன்கூட நின்னு ஜெபிக்கிறதுக்கு அவளுக்கு என்ன பைத்தியமா?" என்பான் தாலாய். "உக்காந்து நம்மள சபிச்சிட்டிருப்பா."

அவன் சொல்வது நிஜமாக இருக்குமோ என்பதுதான் ஜிபாரை அரித்தது. கொட்டகை போனது போகட்டும். மவ்ஜூதா வெறுத்துவிட்டாள் என்றால் அப்புறம் எந்தச் சமாதானத்தைக் கேட்பது?

அடுத்த ஞாயிறு ஜெபம் கிடையாது என்று முடிவு. காலையிலேயே தரைவிரிப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலில் துவைக்கப் போனாள். மணி பத்து. விரிப்பைத் தண்ணீரில் அமுக்கி, இருந்த எரிச்சலையெல்லாம் அதன்மேல் காட்டி அடித்துவிட்டு நிமிர்ந்தாள். பாப்ளார் மரத்தடியில் துக்கத்துக்குக் கட்டும் நீல உடையில் மவ்ஜூதா. உள்ளங்கை இரண்டும் விரிந்திருந்தன, கண் மூடியிருந்தது.

"அக்கா!"

மவ்ஜூதா கண் திறந்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"பத்து மாசமா வர்றேன்க்கா. நீதான் வரல."

"நானா? வாரம் தவறாம உங்க ஊரு பத்து மணிக்கு நிக்கிறேன். உனக்குச் சிரமமா இருக்கக்கூடாதுன்னு."

ஜிபார் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் உங்க ஊரு பத்து மணிக்கு வந்தேன்க்கா."

"தம்பி போயும் வந்தியா?" என்று ஜிபார் கேட்டாள்.

"போனதாலதான் வர்றேன். இன்னொருத்தி தம்பி போகக்கூடாதுல்ல."

ஜிபார் ஈரக் கையை விரித்தாள். அழுகைதான் வந்தது.

கிளம்பும்போது அடுத்த வாரப் பேச்சு எழுந்தது. "உங்க பத்துக்கே வர்றேன்" என்றாள் மவ்ஜூதா. "வேணாம், உங்க பத்துக்கு." "சொன்னா கேளு ஜிபார்." "நீ கேளுக்கா." குரல் ஏறிக்கொண்டே போனது.

இந்தப் பக்கக் காவல் மேடையில் துப்பாக்கியோடு நின்றவனுக்குப் பொறுமை போய்விட்டது. "நம்ம மணி பத்தரைக்கு ரெண்டு பேரும் வந்து தொலைங்க. அதுக்கும் சண்டையா?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டினார்கள். இரண்டு கரையின் பத்து மணிக்கும் நடுவான ஒரு நேரத்தைத் துப்பாக்கிக்காரன் ஒருவன் சொல்லி ஜிபார் கேட்டது அதுவே முதல் தடவை.

விரிப்பைத் தோளில் போட்டாள். முதுகெல்லாம் தண்ணீர் வழிய, "இதுக்குப் பத்து மாசமா ஆண்டவரே?" என்று அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.