இரண்டு ஊர் யூரோ

ஆம்பூர் பெத்லகேம் பகுதியில் தேவானந்தத்தைக் கேட்காமல் யாரும் ஒரு மிக்ஸி கூட வாங்கமாட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர். நூலோ, ஜிப்போ, ஒட்டுகிற சொல்யூஷனோ, எதுவானாலும் சென்னை, ஆக்ரா, கான்பூர் என்று மூன்று ஊரில் விலை கேட்டுத்தான் ஆர்டர் போடுவார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. வாணியம்பாடியில் தக்காளி கம்மி என்று கேள்விப்பட்டால் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள் என்று மனைவி இன்பம் சொல்வாள். காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

பிள்ளைகள் இருவரும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். மகன் ஷாஜின் ஷூ டிசைன் படித்துவிட்டு, போர்ச்சுகலில் போர்ட்டோ பக்கம் ஒரு சின்ன ஊரில் கம்பெனி வேலையில் சேர்ந்தான். மகள் ரெனிட்டா வேலூரில் நர்சிங் முடித்து, கல்யாணமாகி, கணவனோடு டப்ளினில் இருந்தாள். இரண்டு நாட்டிலும் புழங்குவது யூரோதான். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவானந்தத்துக்கு அது போதுமாயிருந்தது. மகளின் சம்பளம் மகனுடையதைப்போல மூன்று பங்கு. ஆனால் வீட்டுக்கு அதிகம் அனுப்புவது மகன்.

தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வந்தது. பக்கத்தில் இன்பம், சுற்றிலும் சொந்தக்காரர்கள். தேவானந்தம் இலையிலிருந்து கையெடுக்காமல் சொன்னார்:

"ஏழை நாட்டுல கீறவன் வீட்டுக்கு மாடி எடுத்துக் குடுத்தான். பணக்கார நாட்டுல கீறவளுக்குக் கை வரமாட்டேங்குது. யூரோ யூரோதானே, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ போனில் பந்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த கோடையில் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து அவருக்கு டிக்கெட் போட்டார்கள். முட்டிவலியால் இன்பம் வரவில்லை. முதலில் போர்ச்சுகல். ஷாஜின் வீட்டுக்குக் கீழேயே ஒரு கடை. ஒரு யூரோ கொடுத்தால் காப்பி குடித்துவிட்டுச் சில்லறை வாங்கலாம். பத்து யூரோவுக்குள் சூப், மீன், சோறு என்று வயிறு நிறைந்தது. எட்டு யூரோவில் முடிவெட்டிக்கொண்டார். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, முட்டை, வெங்காயம், பால் என ஒவ்வொன்றின் விலைச்சீட்டையும் போனில் படமெடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

அங்கிருந்து டப்ளின். மாடி வீடு. கீழே சமையலறை, மேலே வரிசையாகச் சாத்திய அறைகள். அவருக்கு ஜன்னல் வைத்த அறையைக் கொடுத்தார்கள். கட்டிலுக்கடியில் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் நர்ஸ் யூனிஃபார்ம், மருமகன் கிடங்கு வேலைக்குப் போட்டுப்போகும் ஜாக்கெட், மூலையில் குழந்தையின் துணிக்கூடை.

"இன்னாம்மா ரூமு இது, மூச்சு முட்டுது. உங்க சாமான உங்க ரூம்ல வெச்சிக்கக் கூடாதா?" என்றார்.

ரெனிட்டா துணிகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போனாள்.

அதே வீட்டில் குடியாத்தத்துப் பெண் பூங்குழலி ஓர் அறையிலும், கேரளத் தம்பதி இன்னோர் அறையிலும் இருந்தார்கள். மகள் வீட்டைப் பிடித்து உள்வாடகைக்கு விட்டிருக்கிறாள் என்று தேவானந்தம் தானாகவே முடிவு செய்துகொண்டார். ஷாஜினுக்குப் போன் போட்டு, "அந்தக் காசும் அவளுக்குத்தான்டா வருது" என்றார். மருமகன் ராத்திரி வேலை முடித்து வந்து, பகலில் இவர் அறைக் கட்டிலில் படுத்துத் தூங்கினான். ஜன்னல் இருக்கிறதே, காற்றுக்காக வருகிறான் என்று நினைத்தார்.

இங்கேயும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். போர்ச்சுகலில் எடுத்த படங்களை அலமாரி விலைகளோடு வைத்து வைத்துப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் எல்லாரும் இருக்கும்போதே ஆரம்பித்தார்.

"பால் கொஞ்சம் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். அரிசி, முட்டை பெரிய வித்தியாசம் இல்ல. வெங்காயம் இங்கதான் கம்மி. உன் தம்பி அந்தச் சம்பளத்துல செலவும் பண்ணி, மிச்சமும் புடிக்கிறான். உனக்கு மட்டும் எங்கம்மா போவுது?"

அடுப்பருகில் நின்ற பூங்குழலி கரண்டியைக் கீழே வைத்தாள். ரெனிட்டா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்கப்பா. ஆறிடப் போவுது" என்றாள்.

மறுநாள் காலை ரெனிட்டா குழந்தையை க்ரெஷ் என்கிற காப்பகத்தில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பூங்குழலிக்கு லீவு. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தேவானந்தம் பேச்சுவாக்கில் கேட்டார்:

"வாடகைய ரெனிட்டா கையில குடுத்துர்றியாம்மா, இல்ல பேங்க்ல போடறியா?"

பூங்குழலி சிரித்தாள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அங்கிள், வீட்டு ஓனர் வேற ஆளு. நாங்க எல்லாரும் அவருக்குத்தான் தர்றோம், ஆளுக்கு ஒரு ரூம்."

"அப்ப ரெனிட்டா ரூம் எது?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க படுத்திருக்கீங்களே, அதுதான் அங்கிள். நீங்க வர்றீங்கன்னுதான் அண்ணன் ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கினாரு. அக்காவும் கொழந்தையும் என் ரூம்ல தரையில படுத்துக்குறாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

தேவானந்தம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்குழலியே மெதுவாகச் சொன்னாள்: "வெங்காயம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் அங்கிள். இங்க ரூம் வாடகையும் க்ரெஷ் ஃபீஸும் கட்டிட்டுப் பாத்தா அக்கா சம்பளத்துல பாதிக்கு மேல காணாமப் போய்டும். அதெல்லாம் கடை அலமாரியில இருக்காது."

ஷாஜின் வீட்டில் வாடகை என்ன என்று தான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்க விலை கேட்ட மனுஷன், ஐரோப்பாவில் இரண்டு ஊர் பார்த்தும் முக்கியமான விலையைக் கேட்கவில்லை. அது கூடப் பரவாயில்லை. துணியை வாரிக்கொண்டு போனாளே, அந்த முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. மேலே போக முடியவில்லை. மேலே மருமகன் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுடைய சொந்தக் கட்டிலில். குடை எடுக்காமல் வெளியே போய்ப் பூங்கா பெஞ்சில் தூறலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ரெனிட்டா வந்ததும் சமையலறை சோபாவில் அப்பாவின் போர்வையும் தலையணையும் இருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது?"

"நான் இங்க படுத்துக்கிறேம்மா. எனக்கு இங்கதான் வசதி."

அவள் புரிந்துகொண்டாள். போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

"பாப்பாவ நான் பாத்துக்குறேன்" என்றார் அவசரமாக. "நான் இருக்குறவரைக்கும் க்ரெஷ் வேணாம். அந்தக் காசாவது மிச்சமாவட்டும்."

"இந்த மாசத்துக்கு முன்னாடியே கட்டியாச்சுப்பா. அனுப்பலன்னாலும் திருப்பித் தரமாட்டாங்க."

தேவானந்தம் தலையணையைச் சோபாவின் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அவர், "அன்னிக்கு நிச்சயதார்த்தத்துல நான் ஒண்ணு பேசிட்டேன். உனக்குத் தெரியாது" என்றார்.

"பாத்தேன்பா. அத்தை பொண்ணு வீடியோ அனுப்பிச்சா."

"எப்ப?"

"அன்னிக்கே." அவள் போர்வையின் மூலைகளைச் சரிசெய்தாள். "நீங்க பேசினதுகூட ஒண்ணும் இல்லப்பா. பக்கத்துல அம்மா தலைய குனிஞ்சிகினு இருந்தாங்க. அதத்தான் என்னால பாக்க முடியல."

அதைப் பார்த்த பிறகுதான் அவள் இவருக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். தேவானந்தம் மன்னிப்பு என்று வாய் திறக்கப் பார்த்தார். மீதி நாட்களில் பாத்திரம் துலக்கினார், துணி மடித்தார், குழந்தையை க்ரெஷ்ஷிலிருந்து கூட்டி வந்தார். அவள் எவ்வளவு சொல்லியும் சோபாவை விட்டு மேலே போகவில்லை. கிளம்பும் நாளில் மருமகன் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம்வரை வந்தான். வழியெல்லாம் அவன் கண் செருகிக்கொண்டே இருந்தது. அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் தங்கை வீட்டில் ஜெபக்கூட்டம். பந்தியில் அன்று சிரித்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். ஜெபம் முடிந்து டீ வந்தபோது தேவானந்தம் எழுந்து நின்றார்.

"ரெனிட்டாவப் பத்தி நான் அன்னிக்குப் பேசினது தப்பு. அவங்க ஒரே ரூம்ல கீறாங்க. அதையும் எனக்கு விட்டுக் குடுத்துட்டு அவ தரையில படுத்தா. நான் தெரியாமப் பேசிட்டேன்."

தங்கை கணவர்தான் முதலில் வாய் திறந்தார். "பரவால்ல மச்சான், பொண்ணு நல்லாத்தான் சொல்லிக்குடுத்து அனுப்பிச்சிருக்குது." மறுபடி சிரிப்பு. பக்கத்திலிருந்தவர், "நர்ஸு வேலைக்கு அவ்ளோ தூரம் போயி ஒரே ரூமா?" என்று மனைவியிடம் கேட்டது இவர் காதிலும் விழுந்தது.

இல்லை, அவள் எதுவும் சொல்லித்தரவில்லை என்று சொல்லத்தான் நின்றார். மகள் கௌரவத்தைக் காப்பாற்ற வந்து, அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அறையையும் ஊருக்குத் திறந்துவிட்டோம் என்று புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரெனிட்டா வீடியோ காலில் வந்தாள். இன்பத்தோடு பேசி முடித்துவிட்டு அவரைக் கேட்டாள்.

"கூட்டத்துல எழுந்து பேசினீங்களாமே. எதுக்குப்பா அதெல்லாம்?"

குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. தேவானந்தம் போனை இன்பத்தின் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.