மீன் என்று எழுதிய தூண்

எங்கள் ஆய்வுக் கப்பலில் பதினேழு வருஷமாகச் சோனார் திரை பார்ப்பவருக்குக் 'காலண்ணன்' என்று பெயர். கடலடியில் வாயு கசியும் இடங்களையும், அங்கே வாழும் உயிர்களையும் கணக்கெடுப்பது எங்கள் வேலை. கசியும் குமிழ்கள் திரையில் தூண் மாதிரி எழும். மீன் கூட்டமும் அச்சு அசலாக அப்படித்தான் தெரியும். தூணின் கால் தரையில் ஊன்றியிருந்தால் வாயு, அந்தரத்தில் தொங்கினால் மீன். யார் எதைக் காட்டினாலும், "கால் இருக்கா?" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பயணத்தில் அவர் மனைவியின் தம்பி கேமரா பிரிவில் வந்து சேர்ந்தான். மூன்றே நாளில் சமையல்காரரிலிருந்து தலைமை ஆய்வாளர் மேடம் வரை எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. வீட்டிலிருந்து போன் வந்தாலும் அவன் பேச்சுதான்.

"தம்பி சாப்பிட்டானா? வாந்தி கீந்தி இல்லையே?"

"எனக்குத்தான் ரெண்டு நாளா தலைவலி."

"நீங்க பழகின ஆளு. அவனைப் பாத்துக்குங்க."

ஐந்தாம் நாள் மதியம், அண்ணன் காலையில் பார்த்து முடித்த பதிவையே மச்சினன் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இங்க ஒரு தூண் இருக்கு."

"கால் இருக்கா?"

"தரைக்கோட்டுக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கு."

அவர் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலில் 'மீன்' என்று எழுதினார். "இதெல்லாம் கண்ணுக்குப் பிடிபட பத்து வருஷம் ஆகும்டா."

"நீங்க சொன்னா சரி மாமா."

அவன் டீ குடிக்கப் போனான். நாலு மணிக்குப் பட்டியல் மேடத்திடம் போகும். 'வாயு' என்று குறித்த இடத்தில் மட்டும்தான் மறுநாள் கேமரா இறங்கும், விட்ட இடத்துக்குக் கப்பல் திரும்பாது. அண்ணன் தூணைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பக்கத்து நாற்காலியிலிருந்த என்னைப் பார்த்தார்.

"உனக்கு என்ன தெரியுது?"

நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம். மூஞ்சியே சொல்லுது."

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் 'மீன்' என்பதை அடித்து 'வாயு' என்று எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மறுநாள் காலை கேமரா அங்கே இறங்கியது. கசிந்த வாயுவால் காலங்காலமாக இறுகிப்போன சுண்ணாம்புப் பாறைகள், ஒவ்வொன்றும் கதவு அகலம். மேலே பாலாடை மாதிரி வெள்ளையாகப் பாக்டீரியா. வெடிப்பெல்லாம் சிப்பிகள், இடம் பிடிக்க வரிசையில் நிற்பவர்கள் போல நெருக்கியடித்துக்கொண்டு.

"இந்த இடத்தைப் பிடிச்சது யாரு?" மேடம் கேட்டார்.

"மாமாதான் மேடம். நான் மீன்னு நினைச்சேன்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்ன பொய் அது. அண்ணனின் காது மடல் சிவந்தது. நல்ல பெயரை அவன் கையால் வாங்கிக்கொள்வதா?

"இல்ல மேடம். பாத்தது அவன். மீன்னு எழுதினது நான்."

மேடம் அவன் தோளைத் தட்டினார். "அப்படியும் உங்களை விட்டுக்கொடுக்கல. எப்பேர்ப்பட்ட பையன், பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.