மூன்று சுற்று

பல் டாக்டரம்மாவுக்கு ஊரார் வாயைத் திறந்து பார்ப்பது தொழில். கிட்டாரைத் திறந்து பார்ப்பது பைத்தியம். அதுவும் எல்லாக் கிட்டாரும் இல்லை. மடியில் கிடத்தி, தந்திகள்மேல் எஃகுக் கட்டையை வழுக்கி வாசிக்கிற அந்தக் காலத்து மின்சாரக் கிட்டார்கள். கூடத்தில் பதினொரு பெட்டிகள் இருந்தன. விருந்தாளி வந்தால் உட்கார இடம் தேட வேண்டும்.

யார் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று அகப்பட்டாலும் மதிப்புப் போட அவளிடம்தான் வருவார்கள். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒயரைப் பற்றவைத்த ஈயம் மங்கிக் கிடந்தால் முகம் மலரும். பளபளத்தால் போச்சு. "யாரோ கை வச்சிட்டாங்க, பாதி விலைதான்" என்பாள். தயவு தாட்சண்யமே கிடையாது. அந்த நேர்மைக்காகவே அவளுக்கு மரியாதை.

அவள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷத்துக்கு முன், அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய வெள்ளைக் கிட்டாரை நகர்த்தி வைக்கப்போய் கீழே போட்டுவிட்டார். உள்ளே ஓர் ஒயர் கழன்றது. அவள் கிளினிக்கிலிருந்து வருவதற்குள் பற்றவைத்து, ஒன்றும் அறியாத பூனை மாதிரி உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் அந்தப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் நழுவிவிடுவார்.

இன்று அதைப் பார்க்க ஒரு தொப்பிக்காரர் வந்திருந்தார். அவரும் சேகரிப்பவர்.

"விக்கிறதுக்கு இல்லைன்னு போன்லயே சொன்னேனே" என்றாள்.

"முதல்ல பாக்கறேன், அப்புறம் பேசலாம்."

அவள் திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடியைத் தொப்பிக்காரரிடம் நீட்டினாள். டீத் தட்டோடு வந்த வீட்டுக்காரர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"அடடா, இது புது ஈயம்! ஒயரை மூணு சுத்து வேற சுத்தியிருக்கு. கிட்டார் வேலை தெரிஞ்சவன் இப்படிச் செய்ய மாட்டானே. நீங்க கவனிக்கலையா டாக்டர்?"

அந்த 'கவனிக்கலையா' வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தான் திட்டு வாங்கினால் பரவாயில்லை, அவள் பேர் கெடக்கூடாது.

"நான்தாங்க செஞ்சேன்" என்றார். "லிஃப்ட் ஆடுற ஆட்டத்துல ஒயர் கழண்டுடக் கூடாதுன்னு மூணு சுத்து சுத்துவோம். கைப்பழக்கம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா பெட்டியிலிருந்த அட்டையை எடுத்துத் தொப்பிக்காரரிடம் கொடுத்தாள். எது அசல், எது மாற்றியது என்று ஒவ்வொரு கிட்டாருக்கும் அவள் எழுதி வைக்கிற அட்டை. அவர் உரக்கப் படித்தார்:

"உள் ஒயர் ஒன்று, மறுபடி பற்றவைத்தது. மூன்று சுற்று. வீட்டுக்காரர் கைவேலை. விற்பனைக்கு இல்லை."

கீழே பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. தொப்பிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பவே தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டியிலயும் மூணு சுத்து, காலிங் பெல்லுலயும் மூணு சுத்து. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

இதுவரை யாரையும் தொடவிடாத பச்சைக் கிட்டாரை எடுத்துவந்து, வீட்டுக்காரரை உட்காரவைத்து மடியில் கிடத்தினாள். திருப்புளியையும் கையில் கொடுத்தாள்.

"இதுல ஒரு மாசமா கரகரன்னு சத்தம் வருது. பாருங்க. மூணு சுத்து மறந்துடாதீங்க."